கூழும் மீசையும்: மின்சாரக் கார் ஏன் இப்படி இருக்கிறது?

(கோவையில் மோட்டார் பழுதுபார்ப்போர் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே. வேலைநாள் என்றும் பாராமல் வந்திருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்களே. இடம் தந்து, நாற்காலி தந்து, கரண்ட் போனால் ஜெனரேட்டரும் தயார் என்று சொல்லியிருக்கும் தொழிற்பயிற்சி நிலைய முதல்வர் ஐயா அவர்களே. டைனமோ காலத்திலிருந்து இன்றுவரை இந்த ஊர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்களுக்கெல்லாம் குருநாதராக விளங்கி, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே. வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மேல் புகழ்ந்துவிட்ட செயலாளர் தம்பி அவர்களே. பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகள் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். கம்பெனிகள் ஏன் மின்சாரக் கார் செய்கின்றன, செய்யும்போது எதை விட்டுக்கொடுக்கின்றன, சார்ஜிங் நிலையங்கள் எப்படி இருக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

முதல் செய்திக்கு வருகிறேன். சுற்றுச்சூழல் மேல் உள்ள பாசத்தால் செய்கிறார்கள் என்று விளம்பரம் சொல்லும். கணக்குப் பிள்ளையைக் கேட்டால் வேறு சொல்வார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020-21இல் வந்து 2024 வரை இதே இலக்கோடு நடந்த விதி இது: ஒரு கம்பெனி விற்கும் கார்களின் சராசரி கரியமில வாயு கிலோமீட்டருக்கு 95 கிராம் என்ற இலக்குக்குள் இருக்க வேண்டும். கம்பெனியின் வண்டி எடையைப் பொறுத்து இலக்கு சற்று மாறும். மிஞ்சினால், மிஞ்சிய ஒவ்வொரு கிராமுக்கும் காருக்கு 95 யூரோ அபராதம். பத்து லட்சம் கார் விற்கும் கம்பெனியின் சராசரி 100 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிராம் அதிகம். அபராதம் 47.5 கோடி யூரோ. அந்தப் பத்து லட்சத்தில் ஐம்பதாயிரத்தை மட்டும் மின்சாரக் காராக மாற்றினால், அவற்றின் கணக்கு பூஜ்யம் என்பதால், சராசரி சரியாக 95க்கு இறங்கிவிடும். அபராதம் இல்லை. வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு மின்சாரக் காரும் 9,500 யூரோ மிச்சம் பிடித்துத் தருகிறது. அந்தக் காரை நட்டத்துக்கு விற்றாலும் கம்பெனிக்குக் கட்டுப்படியாகும்.

ஃபியட் கிரைஸ்லர் தலைவராக இருந்த செர்ஜியோ மார்கியோனே 2014இல் வாஷிங்டன் மேடையில் ஃபியட் 500இ என்ற தம் மின்சாரக் காரைப் பற்றி, தயவுசெய்து வாங்காதீர்கள், ஒன்று விற்றால் எனக்கு 14,000 டாலர் நட்டம் என்றே சொன்னார். கலிஃபோர்னியா விதிக்காகச் செய்த கார் அது. தம் சரக்கை வாங்காதே என்று கூவிய ஒரே வியாபாரி அவராகத்தான் இருக்க வேண்டும்! நம் நாட்டிலும் 2022-23 முதல் கிலோமீட்டருக்கு 113 கிராம் என்ற சராசரி வரம்பு உண்டு. மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடுதான் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

கலிஃபோர்னியா என்றதும் ஒரு கதை சொல்லாமல் நகர முடியாது. 1990 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் கார் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் இம்பாக்ட் என்ற மின்சாரக் காரைக் காட்டியது. ஊரே மெச்சியது. அந்த மாநிலத்தின் காற்றுவள வாரியம் பார்த்தது. முடியும் என்று நீங்களே காட்டிவிட்டீர்கள், அப்படியானால் செய்யுங்கள் என்று அந்த ஆண்டு செப்டம்பரிலேயே விதி போட்டது. பெரிய கம்பெனிகள் 1998இல் விற்பதில் 2 விழுக்காடு புகையே இல்லாத வண்டி, 2001இல் 5, 2003இல் 10. தவளை தன் வாயால் கெட்டது. (பிறகு கம்பெனிகள் மல்லுக்கட்டி விதியைத் தளர்த்திக்கொண்டது தனிக்கதை.)

அந்த இம்பாக்டே 1996இல் இவி1 என்ற பெயரில் வெளிவந்தது. ஈய-அமில பேட்டரி 26, மொத்தம் 533 கிலோ. வண்டியின் எடையே சுமார் 1,400 கிலோதான். இவ்வளவு சுமந்தும் ஒரு சார்ஜில் போவது நூறு கிலோமீட்டர் சொச்சம். அந்த நூறைப் பிடிக்க என்னென்ன செய்தார்கள்! அலுமினியச் சட்டம், மக்னீசிய இருக்கைச் சட்டம். காற்று எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்று காட்டும் இழுவைக் கெழு 0.19தான், இன்றைக்கும் அதைத் தொடும் கார் அரிது. பின்சக்கரங்களை முன்சக்கரங்களைவிட ஒன்பது அங்குலம் நெருக்கி வைத்தார்கள். விளைவு, இரண்டே பேர்தான் உட்காரலாம். தூரம் வேண்டுமா, குடும்பம் வேண்டுமா என்று கேட்டார்கள். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

ஆயிரத்துச் சொச்சம் கார்தான் செய்தார்கள். ஒன்றையும் விற்கவில்லை, குத்தகைக்கு மட்டும் விட்டார்கள். ஓட்டியவர்கள் அதன் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். குத்தகை முடிந்ததும் கம்பெனி திருப்பிக் கேட்டது. 2003 ஜூலையில் ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்துக்கு அந்தக் கார்களையே ஊர்வலமாக ஓட்டிப்போய், இரங்கலுரை வாசித்து, காருக்குக் கருமாதி செய்தார்கள். 2005இல் பர்பேங்க் ஊரில் கம்பெனி மைதானத்தில் மிச்சம் நின்ற 78 வண்டிகளுக்கு வெளியே மாறிமாறிக் காவல் இருந்து, வண்டிக்கு 24,000 டாலர் தருகிறோம், விலைக்குக் கொடுங்கள் என்றார்கள். கிட்டத்தட்ட 19 லட்சம் டாலர். கம்பெனி கொடுக்கவில்லை. நசுக்கிவிட்டது. சொன்ன காரணத்தை மட்டும் நன்றாகக் கேளுங்கள்: உதிரி பாகம் கிடைக்காது, பழுது பார்க்க வழியில்லை, பொறுப்பேற்க முடியாது.

இந்தக் கடைசி வரிக்காகத்தான் கதையையே சொன்னேன்.

இப்போது இரண்டாம் செய்தி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல். ஐம்பது யூனிட் பேட்டரி என்றால் ஐந்தரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம், எடை மட்டும் 350 கிலோ அளவு. மோட்டார் வீணடிப்பது மிகக் குறைவு என்பதால்தான் வண்டி முந்நூறு கிலோமீட்டராவது போகிறது. அந்த 350 கிலோவைத் தரைக்கு அடியில் பரப்பினால் தளம் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரும். இருக்கையை உயர்த்தாவிட்டால் முழங்கால் மேலே வரும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. பெட்ரோல் உடம்பில் பேட்டரி ஏற்றிய வண்டிகளின் பின்சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். உயர்த்தினால் கூரை உயரும், காற்று இழுவை கூடும், இன்னும் பெரிய பேட்டரி வேண்டும். போர்ஷே டைகானில் பின்சீட்டுக்காரர் கால் வைக்கவே பேட்டரியில் குழி விட்டார்கள், அதாவது செல்லைக் குறைத்தார்கள். நம் ஊர் வேகத்தடைக்காக அடிப்பகுதியையும் தூக்க வேண்டும். மிச்சம் பிடிக்க முதலில் பறிபோவது ஸ்டெப்னி.

ஏ.சி.யைப் பாருங்கள். ஒன்றரை கிலோவாட் தின்கிறது என்று வையுங்கள். அவினாசி சாலையில் 75 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கிலோமீட்டருக்கு 20 வாட்-மணிதான். காந்திபுரம் நெரிசலில் 15 வேகத்தில் ஊர்ந்தால் 100 வாட்-மணி. வண்டியை நகர்த்துவதற்கே அவ்வளவுதான் ஆகும்!

பேட்டரிக்கும் குளிர்ச்சி வேண்டும். 2010 இறுதியில் வந்த நிசான் லீஃபில் தண்ணீர்க் குளிர்ச்சியும் இல்லை, விசிறியும் இல்லை. செலவு மிச்சம், கசிவு பயம் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் 2012லேயே டாஷ்போர்டில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. வழக்கு வந்தது. பன்னிரண்டில் ஒன்பது கோடாவது ஐந்து ஆண்டு நிற்கும் என்று உத்தரவாதம் கொடுக்க வேண்டியதாயிற்று. அரிசோனா வெயிலை வேலூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே லீஃபில் நமக்குப் பிடித்த ஒன்று உண்டு. பேக் என்னும் பேட்டரிப் பெட்டியைத் திறந்தால் 48 மாட்யூல், அதாவது செல் கட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு செல், எல்லாம் போல்ட். ஒரு மாட்யூல் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். இப்போதைய போக்கு மாட்யூலே வேண்டாம், செல்லை நேராகப் பேக்கில் ஒட்டிவிடு என்பது. டெஸ்லாவின் ஒரு வகைப் பேக்கில் செல்களுக்கு இடையே நுரையை ஊற்றி இறுக வைத்து, அதன் மேலேயே சீட்டையும் பூட்டுகிறார்கள். எடை குறைகிறது, விறைப்பு கூடுகிறது, பாகம் குறைகிறது. ஒரு செல் போனால்? பேக்கோடு போயிற்று. தொடர்வரிசையில் 96 செல் இருந்தால் அதில் நோஞ்சான் எதுவோ அதுதான் வண்டியின் தூரத்தைத் தீர்மானிக்கும், மற்றவை 3.5 வோல்ட்டில் நிற்கும்போது அது மட்டும் 3.0க்கு விழுந்தால் பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். கருவி வண்டியை நிறுத்திவிடும். நல்ல செல் 95ஐயும் சேர்த்துத் தூக்கிப் போடவா?

மாட்யூலை மாற்றுவது மந்திரமில்லை, ஆனால் விளையாட்டும் இல்லை. பயிற்சி இல்லாமல் யாரும் மூடியைத் தொடக் கூடாது. 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்று. 1,000 வோல்ட் ரப்பர் கையுறையை முதலில் காற்றடைத்துச் சுருட்டி ஓட்டை பார், மேலே தோல் கையுறை போடு. பேக்கின் மின்சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி உன் பையிலேயே வைத்துக்கொள், வேறு யாரும் திரும்பச் செருகிவிடாமல். இன்வெர்ட்டர் கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் இறங்கப் பத்து நிமிடம் பொறு. 1,000 வோல்ட் ரப்பர் கையுறையை முதலில் காற்றடைத்துச் சுருட்டி ஓட்டை பார், மேலே தோல் கையுறை போடு. மீட்டரை வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, பூஜ்யம் என்று உறுதி செய்த பிறகே ஸ்பேனர். புது மாட்யூலைப் பக்கத்து மாட்யூல்களின் வோல்ட்டுக்குச் சில மில்லிவோல்ட் வித்தியாசத்துக்குள் கொண்டுவந்த பிறகே பூட்ட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பி.எம்.எஸ். சமன் செய்யும் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர் என்றாலும், 5 ஆம்பியர்-மணி வித்தியாசத்தைச் சரிக்கட்ட 50 மணி நேரம் ஆகும். அதுவரை வாடிக்கையாளர், வண்டி இன்னும் சரியாகவில்லையே என்று உங்களைத்தான் திட்டுவார். மாட்யூல்களை இணைக்கும் பஸ்பார் பட்டையின் போல்ட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான் இறுக்க வேண்டும். தளர்ந்தால் சூடு, சூடானால் கருகல். மூடியின் சீலுக்குக் காற்றழுத்தச் சோதனை கட்டாயம். நீர் புகாமைக்கான ஐ.பி.67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் முப்பது நிமிடம். 2023 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் முப்பது நிமிடமா நின்றது? பல நாள் நின்றது.

கம்பெனிக்கு எடையும் குறைய வேண்டும், விலையும் குறைய வேண்டும், பழுதும் தன் ஷோரூமுக்கே வர வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று இதைத்தான் சொல்கிறேன்.

நம் கோரிக்கை சின்னது. மாட்யூல் தனி உதிரி பாகமாக, விலைப்பட்டியலோடு கிடைக்க வேண்டும். பிழைக் குறியீடும் வயரிங் வரைபடமும் வெளிப்பட்டறைக்கும் தர வேண்டும். பேட்டரி எத்தனை விழுக்காடு நலமாக இருக்கிறது என்பது பழைய வண்டி கைமாறும்போது வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து கார் பேட்டரிக்குக் கடவுச்சீட்டு, அதாவது அதன் விவரம் பதிந்த மின்னணு ஆவணம், வருகிறது. நம் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறையும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கி, அதில் வாகனத்தையும் சேர்த்திருக்கிறது. தளம் இருக்கிறது, மாட்யூல் இல்லை. ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊரில், எரிந்த மோட்டாரை ரீவைண்டிங் செய்தே நூற்பாலைகளை ஓட்டிய ஊரில், பேக்கைத் திறக்காதே என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்!

முதல்வர் ஐயா, உயர் அழுத்த பேட்டரிக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சி உங்கள் நிலையத்தில் தொடங்க வேண்டும். தலையாட்டிவிட்டீர்கள், மேடையில் எல்லோரும் பார்த்தாயிற்று.

சார்ஜிங் நிலையங்கள் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் இரண்டாம் முறை கடிகாரத்தைப் பார்க்கிறார், பொன்னாடைகளும் காத்திருக்கின்றன. கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. பட்டறைப் பெயர், முகவரி, கைபேசி எண் மூன்றையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள் கிளம்புவதற்குள் அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். வணக்கம்.