கரிபு மானின் தாய்வீடு

நேயர்களுக்கு வணக்கம். நம் வீடுகளில் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவோம் இல்லையா? அதை மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அலாஸ்காவும் கனடாவின் யூகானும் சேருகிற வடகோடியில் போர்க்குபைன் என்று ஒரு ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றின் பெயராலேயே அழைக்கப்படும் கரிபு மான் மந்தை ஒன்று அங்கே இருக்கிறது. 2017-இல் எண்ணியபோது ஏறத்தாழ 2,18,000 மான்கள்.

குளிர்காலத்தில் அவற்றுக்கு ஊசியிலைக் காடுதான் வீடு. பனியைக் குளம்பால் தோண்டி அடியிலுள்ள லைக்கனைத் தின்னும். பழைய மரப்பட்டையிலும் பாறையிலும் சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்குமே, அந்த இனம்தான். காடு ஒருமுறை எரிந்தால் லைக்கன் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் மானுக்கு வயதான காடு வேண்டும்.

வசந்தம் வந்ததும் சினை மான்கள் முன்னால் கிளம்பிவிடும். மலை தாண்டி, ஆறு நீந்தி, ஆர்க்டிக் கடலோரச் சமவெளிக்குப் போய் ஜூன் தொடக்கத்தில் கன்று ஈனும். அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. ஆனால் இளந்தளிர் உண்டு, ஓநாய் குறைவு, கடற்காற்று கொசுவை விரட்டும். அதுதான் தாய்வீடு. காட்டில் ஒரு மரத்தையும் வெட்டாமல் காத்தாலும், மரமே இல்லாத அந்த இடம் கெட்டுப்போனால் காடு வெறிச்சோடிப்போகும். எங்கே பேசினாலும் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

சரி, அலாஸ்காவுக்கும் யூகானுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கு வருவோம். 1825-இல் ரஷ்யாவும் பிரிட்டனும் வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டன, 141-ஆம் தீர்க்கக்கோடு. தரையில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. 1847-இல் ஹட்சன் பே கம்பெனி என்ற பிரிட்டிஷ் வணிக நிறுவனம் யூகான் கோட்டை என்ற வணிக நிலையத்தைத் திறந்தது. அது கோட்டுக்கு அந்தப் பக்கம், ரஷ்ய நிலத்தில் இருந்தது. 1867-இல் அலாஸ்கா அமெரிக்காவின் கைக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து ஓர் அமெரிக்க ராணுவ கேப்டன் வந்தார், வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார், இது எங்கள் மண் என்றார். கம்பெனி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஆற்றோடு கிழக்கே போனது. 1889-இல் மறுபடி அளந்தார்கள். புது இடமும் அலாஸ்காவுக்குள்தான் இருந்தது! மறுபடி மூட்டை கட்டினார்கள். படித்தவர்களே இப்படித் தடுமாறிய கோடு அது. இருபுறமும் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய குவிச்சின் என்ற பூர்வகுடி மக்கள் ஒரே சனம். கோடு போட்டபோது அவர்களை யாரும் கேட்கவில்லை.

கடலோரச் சமவெளியை அவர்கள் 'உயிர் தொடங்கும் புனித இடம்' என்கிறார்கள். பஞ்ச காலத்திலும் அங்கே வேட்டைக்குப் போவதில்லை என்பது அவர்கள் வழக்கம். எண்ணெய்க்காக அங்கே துளையிடப் போகிறார்கள் என்ற பேச்சு வலுத்தபோது, 1988-இல் இரு நாட்டுக் குவிச்சின்களும் ஆர்க்டிக் வில்லேஜ் என்ற சிற்றூரில் கூடினார்கள். கோடு பிரித்த உறவுகள் அத்தனை பேரும் ஒரே இடத்தில். தாய்வீட்டைத் தொடவிடக் கூடாது என்று அங்கே முடிவெடுத்தார்கள். அந்த முடிவோடு உலகமெங்கும் போய்ப் பேசினார்கள். 2002-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது சாரா ஜேம்ஸ், ஜோனத்தன் சாலமன், நோர்மா காசி என்ற குவிச்சின்கள் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. முதல் இருவர் அலாஸ்காக்காரர்கள், நோர்மா யூகானைச் சேர்ந்தவர்.

அரசுகளும் சும்மா இருந்துவிடவில்லை. 1987-இல் இரு நாடுகளும் இந்த மந்தைக்காகவே ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆனால் அதன் வாரியம் யோசனை சொல்லலாம், தடுக்க முடியாது. கனடா தன் பக்கம் இவ்வாவிக், வுன்டுட் என்று இரண்டு தேசியப் பூங்காக்களை அமைத்துவிட்டது. அமெரிக்கப் பக்கத்துச் சமவெளியை 2017-இல் ஒரு வரிச் சட்டமே எண்ணெய் ஏலத்துக்குத் திறந்துவிட்டது. அதற்கப்புறம் அரசு மாறும்போதெல்லாம் ஆணையும் மாறுகிறது. கடலோரத்தில் வாழும் இன்னொரு பூர்வகுடியான இனுப்பியாட் மக்களில் பலர் எண்ணெய் வருமானத்தை விரும்புகிறார்கள். பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் பணம் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் என் மனம் குவிச்சின் பக்கம்தான். எண்ணெய்க்கு வேறு இடம் உண்டு, கன்று ஈன வேறு இடம் இல்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். மந்தையில் முன்னால் வரும் மான்களைச் சுடாமல் போகவிடு என்பது பெரியவர்கள் வாக்கு. முன்னே போவது பாதை காட்டும், பின்னால் வருவது அதை நம்பி வரும். யூகானில் டெம்ஸ்டர் நெடுஞ்சாலை வேட்டை விதியிலும் இது இடம்பெற்றது. அதிகாரிகள் வகுப்பதற்கு எவ்வளவோ முன்பிருந்தே இருந்த விதி இது.

வானொலி நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தங்கள் நிலத்துக்காக முன்னின்ற இன்னொரு பூர்வகுடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கனடாவின் மனிடோபா, ஒன்டாரியோ மாகாணங்கள் சேருகிற இடத்தில் பிமாச்சியோவின் அக்கி என்று ஒரு காடு, அனிஷினாபே மக்களின் நிலம். அவர்களே முன்னின்று கேட்டு, 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 29,000 சதுர கிலோமீட்டர். இயற்கை, பண்பாடு இரண்டுக்கும் சேர்த்துக் கனடா பெற்ற முதல் இடம் அதுதான். அந்தப் பெயருக்கு 'உயிர் தரும் நிலம்' என்று பொருள். அதைப் பற்றி விரிவாகச் சொல்ல இன்று நேரமில்லை. வணக்கம்.