பட்டு ஸ்கார்ஃப்ல பிரியாணி கறை, சோப்பு போட்டதும் சிவப்பாயிடுச்சு, வீட்லயே எடுக்க முடியுமா?

வணக்கம்ங்க எல்லாருக்கும். இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கிறேன், ஏன்னா இது கொஞ்சம் பொறுமையா சொல்ல வேண்டிய விஷயம். மண்ணடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருந்து வரும்போது வாங்கிட்டு வந்த பட்டு ஸ்கார்ஃப், வெளிர் ரோஸ் கலர், ரொம்ப மெல்லிசு, ஒரு கல்யாணத்துக்கு கட்டிட்டு போனாங்களாம், அங்க பிரியாணி சாப்பிடும்போது எண்ணெயும் மஞ்சளுமா ஒரு பக்கம் பட்டுடுச்சு, வீட்டுக்கு வந்த உடனே துணி சோப்பு போட்டு தேய்ச்சிருக்காங்க, மஞ்சளா இருந்த இடம் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு, பயந்துபோய் அப்படியே தண்ணியில அலசி காயப் போட்டுட்டாங்க. "அக்கா, கலர் போயிடுச்சா, துணி வீணா, இனிமே இந்த மாதிரி ஸ்கார்ஃபை வீட்ல எப்படி துவைக்கிறது"ன்னு கேக்குறாங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன் தங்கச்சி, அந்த சிவப்பைப் பார்த்து பயப்படாதீங்க. ஆரத்தி கரைக்கிறத பார்த்திருப்பீங்க இல்ல, மஞ்சத்தண்ணியில ஒரு துளி சுண்ணாம்பு போட்டா சிவப்பாயிடும், அதே கதைதான் உங்க ஸ்கார்ஃப்ல நடந்தது. சுண்ணாம்புல காரம் இருக்கு, மிளகாய் காரம் இல்லைங்க, புளிப்புக்கு எதிரான ஆல்கலி, துணி சோப்புலயும் அந்த காரம் இருக்கு, மஞ்சள் காரத்தைப் பார்த்தா சிவக்கும். புளிப்பைப் பார்த்தா திரும்ப மஞ்சளாயிடும். அதனால ஸ்கார்ஃப்ல சாயம் எதுவும் புதுசா ஏறல, ஆனா அந்த சிவப்பு இன்னொரு விஷயத்தையும் காட்டுது, சோப்போட காரம் இன்னும் துணியில உக்காந்திருக்கு. அதை முதல்ல எடுக்கணும், கறை அப்புறம்.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, பட்டுங்கிறது பருத்தி மாதிரி செடியில இருந்து வர்றது கிடையாது, பூச்சி நூற்கிற நூல், நம்ம தலைமுடி மாதிரி முழுக்க புரதம். உங்க முடியை எதைப் போட்டு அலசுவீங்களோ அதைப் போட்டு பட்டை அலசலாம், முடி அலச போட மாட்டீங்கன்னா பட்டுக்கும் போடாதீங்க, நான் எல்லார்கிட்டயும் சொல்ற கணக்கு இதுதான். முடிக்கு யாராவது வாஷிங் பவுடர் போடுவாங்களா? அந்த பவுடர் பாக்கெட்டுல பின்னாடி என்சைம்னு போட்டிருக்கும் பாருங்க, ரத்தம், முட்டை, பால் கறையெல்லாம் தின்னு எடுக்கிறதுக்காக போடுறது, அதெல்லாம் புரதக் கறை, பட்டும் புரதம், கறை எது துணி எதுன்னு அதுக்கு தெரியாது, ரெண்டையும் தின்னும். ப்ளீச்சிங் பவுடர், குளோரின் ப்ளீச் இதெல்லாம் கிட்டயே கொண்டு போகாதீங்க, பட்டை கரைச்சே விட்டுடும்.

தேய்க்கிறதும் அப்படித்தான். நான் பழைய வண்ணாரப்பேட்டையில சாரி பாலிஷ், ட்ரை வாஷ் கடை வெச்சு இருபது வருஷம் ஆச்சு, கம்பெனி காலத்துல துணி வெளுக்கிறவங்க குடியிருந்த இடம், ஊரு பேரே அதுலதான் வந்துச்சு, அப்பேர்ப்பட்ட இடத்துல கடை வெச்சுட்டு ஆரம்பத்துல நானே ஒரு தப்பு பண்ணேன். ஒரு அம்மா நேவி ப்ளூ பட்டு ஸ்கார்ஃப் கொடுத்தாங்க, காபி கறை. ஈரத்தோட கட்டை விரலால தேய்ச்சேன், கறை போயிடுச்சு, சந்தோஷமா காயப்போட்டேன். காய்ஞ்சதும் ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சு பார்க்குறேன், கட்டை விரல் அகலத்துக்கு சாம்பல் பூத்த மாதிரி ஒரு திட்டு. சாயம் போகலைங்க, நூலோட மேல்தோல் உடைஞ்சு பொசுபொசுன்னு நிக்குது, அதுல வெளிச்சம் பட்டு வெளுப்பா தெரியுது. அது எத்தனை பாலிஷ் போட்டாலும் திரும்பாது. பணத்தை கொடுத்து மன்னிப்பு கேட்டேன், ஆனா அந்த அம்மா முகம் இன்னிக்கும் மனசுல இருக்கு, ஏன்னா அது அவங்க பொண்ணு முதல் சம்பளத்துல வாங்கிக் கொடுத்தது. பட்டு ஈரமா இருக்கும்போது காய்ஞ்சப்ப இருக்கிற பலம் இருக்காது, அப்ப தேய்ச்சா கண்டிப்பா காயம்படும். ஒத்தி எடுக்கலாம், அமுக்கலாம், தேய்க்க மட்டும் கூடாது.

சரி, உங்க ஸ்கார்ஃபுக்கு வருவோம். ஆனா அதுக்கு முன்னாடி அது நிஜமாவே பட்டுதானான்னு பாத்துக்கோங்க, கடையில சாட்டின்னு சொல்லி கொடுப்பாங்க, சாட்டின்ங்கிறது நெசவோட பேரு, அது பாலியெஸ்டர்லயும் வரும். ஓரத்துல பிரிஞ்சு நிக்கிற நூல் ஒண்ணு கிடைச்சா இடுக்கியில பிடிச்சு கொளுத்துங்க, முடி கருகுற நாத்தம் வந்து சாம்பல் விரல்ல நசுங்கி பொடியானா பட்டு, உருகி கருப்பா கெட்டியா மணி மாதிரி நின்னுச்சுன்னா பாலியெஸ்டர், அதுன்னா இவ்ளோ பயமே வேண்டாம்.

பட்டுதான்னு வெச்சுக்குவோம். ஒரு வெள்ளை காட்டன் துணியை நனைச்சு ஸ்கார்ஃப் மூலையில வெச்சு ஒரு நிமிஷம் அழுத்துங்க, சாயம் ஒட்டுச்சுன்னா நிறுத்திடுங்க, அது வீட்ல செய்யற வேலை இல்ல. ஒட்டலைன்னா ஒரு லிட்டர் தண்ணியில ஒரு டேபிள்ஸ்பூன் வெள்ளை வினிகர், கலர் இல்லாத வினிகர்தான், கலந்து அதுல ஸ்கார்ஃபை முழுசா முக்குங்க. முழுசாங்கிறது முக்கியம், கறை இருக்கிற இடத்தை மட்டும் நனைச்சா நனைஞ்சதுக்கும் நனையாததுக்கும் நடுவுல ஒரு கோடு விழும், அந்த தண்ணி வளையம் கறையை விட மோசமா தெரியும். முக்கின கொஞ்ச நேரத்துலயே சிவப்பு மஞ்சளுக்கு திரும்புறத கண்ணால பாப்பீங்க. எலுமிச்சம்பழத்தை நேரா பிழியாதீங்க, வெயில் பட்டா துணியோட கலரையும் சேர்த்து எடுத்துடும்.

அப்புறம் நல்ல தண்ணியில அலசி நிழல்ல காய விடுங்க. காய்ஞ்சதும் எண்ணெய் பட்ட இடம் கொஞ்சம் கருத்து தெரியும், அது மேல கார்ன்ஃப்ளார் மாவு இல்லன்னா வாசனை இல்லாத முகப்பவுடர் கெட்டியா தூவி, அடியில ஒரு டிஷ்யூ பேப்பர் வெச்சு ராத்திரி முழுக்க விட்டுடுங்க, காலையில உதறினா எண்ணெய்ல பாதி பவுடரோட போயிருக்கும். தேவைன்னா ரெண்டாவது தடவையும் போடலாம். எண்ணெய் இருக்கும்போதே தண்ணி துவையல் போட்டீங்கன்னா மஞ்சள் அதோட சேர்ந்து உள்ள உக்காந்துக்கும், அதனாலதான் இந்த வரிசை.

இப்ப துவைக்கிறது. பேசின்ல மூணு லிட்டர் தண்ணி, பச்சைத்தண்ணியாவே இருக்கட்டும், அரை டீஸ்பூன் பேபி ஷாம்பு, கலக்கிட்டு ஸ்கார்ஃபை போட்டு உள்ளங்கையால அமுக்கி அமுக்கி விடுங்க, அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஊற வேண்டாம். எங்க அம்மா பூந்திக்கொட்டை போடுவாங்க, அஞ்சாறு கொட்டையோட விதையை எடுத்துட்டு வெந்நீர்ல ஊற வெச்சு வடிகட்டினா நுரை வரும், காரமே இல்லாதது, பட்டுக்கு அருமையான சாமான், ஆனா அந்த தண்ணி பழுப்பா இருக்கும், கருப்பு, மெரூன், பச்சைக்கு போடுங்க, உங்க வெளிர் ரோஸுக்கு வேண்டாம்.

தண்ணியைப் பத்தி நம்ம வட சென்னை ஏரியாகாரங்களுக்கு தனியா சொல்லணும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமெல்லாம் போர் தண்ணி உப்பு, சில தெருவுல இரும்பு கலந்து பக்கெட்டு அடியில செம்மண் மாதிரி நிக்கும். அந்த தண்ணியில வெளிர் பட்டு துவைச்சா நாளாக நாளாக மங்கி பழுப்படிக்கும், உப்பு தங்கி மொடமொடன்னு ஆயிடும். குழாய்ல மெட்ரோ தண்ணி வர்ற நேரத்துல ரெண்டு குடம் பிடிச்சு வெச்சுக்கோங்க, பட்டுக்கு அதையே வெச்சுக்கோங்க. அதுவும் கிடைக்கலைன்னா கடைசி அலசலுக்கு மட்டுமாவது கேன் தண்ணி ரெண்டு லிட்டர் செலவு பண்ணுங்க, ஒரு ஸ்கார்ஃபுக்கு அது போதும். நிறைய வீட்ல ஆர்ஓ மெஷின்ல வெளிய தள்ளுற தண்ணியை பிடிச்சு துணிக்கு ஊத்துறாங்க, மிச்சம் பிடிக்கிறது நல்ல பழக்கம்தான், தரை துடைக்கலாம், ஆனா அதுல இருக்கிறது வடிகட்டி ஒதுக்கின உப்பு, பட்டுக்கு அதை தொடவே தொடாதீங்க. கடைசி அலசல்ல அரை ஸ்பூன் வினிகர் போட்டா மிச்சம் மீதி காரமும் போயிடும், பட்டு கையில பிடிச்சு கசக்கினா ஒரு சின்ன சத்தம் வரும் பாருங்க, கிறுகிறுன்னு, அந்த சத்தம் திரும்ப வரும். வினிகர் வாசனை காய்ஞ்சா போயிடும்.

பிழியவே கூடாது. ஒரு வெள்ளை டவலை விரிச்சு மேல ஸ்கார்ஃபை நீட்டி போட்டு, பாய் சுருட்டுற மாதிரி ரெண்டையும் சேர்த்து சுருட்டி அமுக்குங்க, தண்ணியெல்லாம் டவல் குடிச்சுக்கும். கிளிப் போடாம, கயிறு தடம் விழாம, இன்னொரு டவல் மேல விரிச்சு ஃபேன் காத்துல வீட்டுக்குள்ளயே காய விடுங்க. மொட்டை மாடி வேண்டாங்க. துறைமுகத்துல நிலக்கரி இறக்கின காலத்துல ராயபுரத்துல மாடியில காயப்போட்ட வெள்ளைத் துணியில கரி படியும், 2011ல ஹைகோர்ட்டு உத்தரவுக்கப்புறம் அது நின்னுச்சு, ஆனா கண்டெய்னர் லாரி புழுதி இன்னும் இருக்கே. வெயிலும் பட்டுக்கு ஆகாது, மஞ்சளிக்கும், நூல் இத்துப்போகும்.

அப்படி சொல்லிட்டு இப்ப ஒரு இடத்துல மட்டும் வெயிலை கேக்கப் போறேன். மஞ்சள் ஷாம்புல முழுசா போகாது, ஆனா வெளிச்சத்துல தானா வெளுக்குற குணம் அதுக்கு உண்டு. அதனால லேசா ஈரம் இருக்கும்போதே, கறை மட்டும் வெளிய தெரியுற மாதிரி மத்த இடமெல்லாம் டவலால மூடி, காலை எட்டு மணிக்குள்ள இருக்கிற இளவெயில்ல பதினஞ்சு நிமிஷம் காட்டுங்க. அவ்ளோதான், எடுத்துடுங்க. மறுநாள் திரும்ப. ஒரே நாள்ல போகணும்னு மத்தியான வெயில்ல போட்டா மஞ்சளும் போகும், ரோஸும் போகும்.

இஸ்திரி, உள்பக்கமா திருப்பி, லேசா ஈரம் இருக்கும்போதே, சில்க்னு போட்டிருக்கிற சூட்டுல. காய்ஞ்ச பட்டு மேல தண்ணி தெளிக்காதீங்க, புள்ளி புள்ளியா நிக்கும். ஓரத்தை கையால சுருட்டி தெச்ச ஸ்கார்ஃபா இருந்தா அந்த ஓரத்து மேல பெட்டியை ஓட்டாதீங்க, உருண்டையா இருக்கிறதுதான் அதுக்கு அழகு. தெருவுல கரிப்பெட்டி வெச்சிருக்கிற அண்ணன்மார் நல்லாத்தான் தேய்ப்பாங்க, ஆனா அந்த சூடு காட்டனுக்கு உள்ளது.

தங்கச்சி கேக்கலைனாலும் ஸ்கார்ஃப் கட்டுறவங்களுக்காக ரெண்டு மூணு சொல்லிடுறேன். அத்தரோ சென்ட்டோ போட்டு அது காய்ஞ்சதுக்கப்புறம் ஸ்கார்ஃப் கட்டுங்க, நேரா பட்டுல அடிச்சா சென்ட்ல இருக்கிற ஆல்கஹால் சாயத்தை இளக்கும், அத்தர்ல இருக்கிற எண்ணெய் கறையா நிக்கும். ரத்தம் பட்டா உடனே பச்சைத்தண்ணி, சூடு தண்ணி பட்டா வெந்து பிடிச்சுக்கும். மருதாணி பட்டா மட்டும் என்னால ஒண்ணும் சொல்ல முடியல, அது கையில, முடியில எப்படி பிடிக்குதோ அப்படியே பட்டுலயும் பிடிக்கும், அதனால மருதாணி வெச்ச அன்னிக்கு பட்டு கட்டாதீங்க. பின்னு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல வாங்குங்க, சாதா பின்னை கழட்டாம பீரோவுல வெச்சா துரு ஏறிடும். வேர்வை பட்ட ஸ்கார்ஃபை மடிச்சு வைக்காதீங்க, வேர்வை உப்பு பட்டை அரிக்கும், மறுநாளே அலசிடுங்க.

ஜரிகை போட்டது, சாயம் இளகுறது, எம்ப்ராய்டரி கனமா உள்ளது, இதெல்லாம் கடைக்கு கொடுங்க. கொடுக்கும்போது என்ன கறை, வீட்ல என்ன போட்டீங்கன்னு மறைக்காம சொல்லுங்க, எங்களுக்கு அதுதான் முக்கியம். ட்ரை வாஷ்ல எண்ணெய் சுலபமா போகும், மஞ்சள் போகாது, அதை தனியா பாக்கணும், சொன்னாத்தான் நாங்க பாப்போம்.

தங்கச்சி, நீங்க நாளைக்கு காலையில வினிகர் தண்ணியில இருந்து ஆரம்பிங்க. சிவப்பு மஞ்சளாச்சுன்னா பாதி கவலை விட்டது, ராத்திரிக்கு பவுடர், மறுநாள் ஷாம்பு, அப்புறம் மூணு நாலு நாள் இளவெயில். நீங்க ஏற்கெனவே சோப்பு போட்டு தேய்ச்ச இடத்தை மட்டும் காய்ஞ்சப்புறம் ட்யூப்லைட்டுக்கு நேரா பிடிச்சு பாருங்க. சாம்பல் பூத்த மாதிரி இருந்துச்சுன்னா அந்த இடத்தை இனிமே தொட வேண்டாம், கட்டும்போது அந்த பக்கம் உள்ள மடிப்புல வர்ற மாதிரி பாத்துக்கோங்க.