மூளைக்குக் கரண்ட் வைத்தால் வலிப்பு நிற்குமா?

பெரம்பூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்: "பையனுக்கு 19 வயசு. மூன்று மாத்திரை போட்டும் ஃபிட்ஸ் நிற்கவில்லை. கரண்ட் வைத்தியம் என்கிறார்கள். ஷாக் கொடுப்பார்களா, டாக்டர்?"

ஷாக் இல்லைம்மா. மனநல மருத்துவத்தில் ஷாக் என்பது, மயக்க மருந்து கொடுத்து, வேண்டுமென்றே ஒரு வலிப்பை வரவழைப்பது. இது வலிப்பைக் குறைக்க. நேர் எதிர்.

ரொம்ப நாளாகச் செய்வது வேகஸ் நரம்புத் தூண்டல். அமெரிக்காவில் 1997-லேயே அனுமதி கிடைத்தது. இதில் மண்டையைத் திறப்பதே இல்லை. இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னக் கருவி, அதிலிருந்து கழுத்தில் ஓடும் அந்த வேகஸ் நரம்புக்கு ஒரு வயர். பொதுவாக 30 நொடி ஓடும், 5 நிமிடம் ஓயும். ஓடும்போது சிலருக்குக் குரல் கம்மும். என்னிடம் வரும் ஒரு பாட்டு டீச்சர், மயிலாப்பூர்க்காரர், கச்சேரிக்கு உட்காரும்போது கருவிக்கு மேல் அதற்கான காந்தத்தைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்வார். காந்தம் இருக்கும்வரை கருவி ஓடாது. மங்களம் பாடியதும் எடுத்துவிடுவார். வலிப்பு வரப்போவது தெரிந்தால் அதே காந்தத்தை ஒரு தடவை தேய்க்கலாம், உடனே கூடுதலாக ஒரு தூண்டல் கிடைக்கும்.

மூளைக்குள்ளேயே, நடு ஆழத்தில் இருக்கும் தாலமஸ் என்ற பகுதியில் மின்முனை வைப்பதும் உண்டு. 110 பேரிடம் செய்த ஆய்வில், ஐந்தாம் வருடம்வரை தொடர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு வலிப்பு 69 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. குறைந்தது என்கிறேன், நின்றது என்று சொல்லவில்லை. மாத்திரையும் தொடரும்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. "வலிப்பு கிளம்பும் இடத்தையே எடுத்துவிட முடியுமா?" வழக்கமாகப் பார்ப்பவர்கள், 'ஆரம்பித்துவிட்டார்' என்று சிரிப்பீர்கள். பரவாயில்லை, மறுபடியும் சொல்கிறேன். சரியான இரண்டு மருந்துகள் கேட்கவில்லை என்றாலே அறுவை சிகிச்சைக்குத் தகுமா என்று பார்க்க வேண்டும். கனடாவில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில், பொட்டு மடல் வலிப்புக்கு (நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளைப் பகுதியில் கிளம்பும் வலிப்பு) அறுவை சிகிச்சைக்கென்று பிரித்தவர்களில் 58 சதவீதம் பேருக்கு, நினைவு தப்பும் வலிப்பு ஒரு வருடம் வரவில்லை. மருந்து மட்டும் என்றவர்களில் அது 8 சதவீதம். எடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு கரண்டுக்கு வாருங்கள்.

வலிப்பு கிளம்பும் அந்த இடத்தைப் பிடிக்க வீடியோ ஈஈஜி (மூளையின் மின்னலைகளையும் ஆளையும் சேர்த்துப் பதிவது), எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாம் எடுப்பார்கள். உங்கள் போனும் உதவும். வலிப்பு வந்தால் பையனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவிக்கொத்தைத் தேடி ஓடும் ஆள் வீட்டில் ஒருவர் இருப்பார் அல்லவா, அவர் கையில் போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். முதலில் எந்தக் கை இழுத்தது, வாயைச் சப்புக்கொட்டினானா, சட்டை பட்டனைப் பிடித்து நோண்டினானா, இதெல்லாம் எங்களுக்குத் தங்கம். ஐந்து நிமிடம் தாண்டினால் படம் போதும், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீடியோவைப் பையனைப் பார்க்கும் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினால், பையனைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.