ஆச்சா மரமும் தோடியும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் மேடையேறிப் பெயர் வாங்கிய வித்வான் அல்லன். ஆபீஸ் போய்வந்து மிச்சமிருந்த நேரத்தில் புல்லாங்குழல் ஊதிப் பழகியவன். ஆனாலும் நாகசுரத்தின் மேல் எனக்கு ஒரு தனிப் பைத்தியம் உண்டு.

நாகசுர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்றதும் தோடி ராகம் என்பீர்கள். சரிதான். 1947 ஆகஸ்ட் 14 இரவு டெல்லியில் வாசித்தவர் என்பீர்கள். அதுவும் சரி. அவருக்கு நாகசுரம் செய்துகொடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் பெயரை அதே மூச்சில் யாராவது சொல்கிறார்களா? என் நெடுநாள் ஆதங்கம் இது.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் நரசிங்கம்பேட்டையைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். முன்பெல்லாம் புழக்கத்தில் இருந்தது திமிரி நாகசுரம். குட்டையானது, ஸ்ருதி அதிகம்; சாமி புறப்பாட்டில் அத்தனை இரைச்சலையும் மீறிக் கேட்கும். ஆனால் அதில் சுத்த மத்திமம் என்ற 'ம' ஸ்வரம் இலேசில் நிற்காது. உதட்டையும் மூச்சையும் வைத்துச் சமாளிக்க வேண்டும். தோடிக்கோ அந்த மத்திமம் இல்லாமல் ஆகாது! பிள்ளைக்காக ஆசாரி குழலை நீட்டினார், துளைகளை இடம் மாற்றிப் பார்த்தார், திரும்பத் திரும்பக் கடைந்தார். அப்படி வந்ததுதான் பாரி நாகசுரம். ஸ்ருதி இறங்கியது, மத்திமம் ஒழுங்காகப் பேசியது. புல்லாங்குழலில் ஒரு துளை நெல்மணி அளவு நகர்ந்தாலே ஸ்வரம் பிசகிவிடும். ஊதிப் பார்த்தவனுக்குத்தான் அந்த வேலையின் அருமை தெரியும். எனவே மறுபடியும் சொல்கிறேன்: அந்தத் தோடியில் ஆசாரிக்கும் பங்கு உண்டு.

நாகசுரம் கடையும் மரத்துக்கு ஆச்சா என்று பெயர். புதிதாக வெட்டியது உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண் இவற்றைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். எத்தனையோ வருஷம் காய்ந்து ஈரம் வற்றிய கட்டை அது. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டறைக்குச் சான்றிதழைவிட மரம் அவசரம் என்பது என் கட்சி.

வாயில் வைத்து ஊதும் சீவாளியையும் விடக்கூடாது. அடுத்த கல்யாணத்தில் மேளக்காரர் அருகே போய்ப் பாருங்கள். வாத்தியத்தில் கொத்தாகச் சீவாளிகள் தொங்கும். ஒன்றை எடுத்து வாயில் வைத்து நனைப்பார், 'கீ' என்று ஊதுவார், முகம் சுளிப்பார், வேறொன்றை எடுப்பார். காவிரிக் கரை நாணல்தான் அது. பதம் தப்பினால் எந்த மேதையும் ஒன்றும் செய்ய முடியாது. நாமோ அந்த நேரத்தில் பந்திக்கு இடம் பிடிக்க ஓடுகிறோம்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். தவிலுக்கென்று பாதி நேரம் ஒதுக்கி வைத்திருந்தேன். தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ராஜரத்தினத்தின் சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1964இல் மறைந்தார். அவர் வாசித்த இசைத்தட்டுகள் இருக்கின்றன, தேடிக் கேளுங்கள். வணக்கம்.