பருப்பு எத்தனை கிலோ, எண்ணெய் எத்தனை லிட்டர்?

அவையோருக்கு வணக்கம்.

1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஓர் அறையில், பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் 1958இல் ஐதராபாத் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நாம் என்ன சாப்பிட வேண்டும் என்று 2024 மே மாதம் 17 பரிந்துரைகளை வெளியிட்டது அந்த நிறுவனமே.

இப்படிப்பட்ட பரிந்துரைகளில் சொல்லும் எண்கள் எப்படி வருகின்றன? புரதத்தை எடுத்துக்கொள்வோம். உடல் எடையில் கிலோவுக்கு 0.66 கிராம் என்பது சராசரித் தேவை. மக்களில் பாதிப் பேருக்கு அது போதும், மறுபாதிக்குப் போதாது. ஏறத்தாழ எல்லோருக்கும் போதுமான அளவுக்கு உயர்த்தினால் 0.83. 65 கிலோ ஆணுக்கு நாளைக்கு 54 கிராம். இந்த இரண்டாவது எண்ணை வைத்துக்கொண்டு, அதை எட்டாதவர் எல்லோருக்கும் புரதக் குறைபாடு என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்புக் கணக்கு. ஓர் ஊரில் எத்தனை பேருக்குப் போதவில்லை என்று பார்க்கச் சராசரித் தேவைதான் அளவுகோல். கலோரிக்கோ இப்படி உயர்த்திய எண்ணே கிடையாது. எல்லோருக்கும் கூட்டிச் சொன்னால் பெரும்பாலோருக்குத் தொப்பைதான் மிச்சம்.

அடுத்த வேலை, சத்தைச் சாப்பாடாக்குவது. ஒருவருக்கு ஒரு நாளைக்கான 2000 கலோரித் தட்டில் தானியம் 250 கிராம், பருப்பு 85, காய்கறியும் கீரையும் சேர்த்து 400, பழம் 100, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லி. எல்லாம் சமைக்காத எடை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 100 கிராம் அரிசி வெந்தால் 250 முதல் 300 கிராம் சோறாகும். 250 கிராம் சோற்றைத் தராசில் நிறுத்து, அதுதான் அன்றைய தானியக் கணக்கு என்று நினைத்தவர் மாலைக்குள் பசித்துப் போய் முறுக்கு டப்பாவைத் திறப்பார். பருப்பில் இது நேர்மாறு. இரண்டு கரண்டி சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 85 கிராமுக்கு அது எந்த மூலைக்கு?

சமைப்பவருக்கு இந்தக் கிராம் கணக்கு கைகொடுக்காது. மாதச் சாமான் சீட்டில் எழுதிப் பாருங்கள். நால்வர் உள்ள வீட்டுக்கு 30 நாளில் எண்ணெய் 3,240 கிராம், ஏறக்குறைய மூன்றரை லிட்டர். ஐந்து லிட்டர் டின் மாதக் கடைசிக்குள் காலியானால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும். உப்பு ஆளுக்கு 5 கிராம்: ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 50 நாள் வந்துவிட்டது என்று நிம்மதி அடையவும் முடியாது. அப்பளம், கருவாடு, கடையில் வாங்கிய ஊறுகாய் எதுவும் அந்தப் பாக்கெட்டில் சேரவில்லை.

இனிப் பருப்புக்கு வருவோம். நால்வருக்கு மாதம் 10 கிலோ 200 கிராம். முட்டை, மீன், இறைச்சி சாப்பிடுவோர் இதில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். நம் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு அட்டைக்கு ஒரு கிலோ. ஆளுக்கு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம்! அதை இரண்டு கிலோவாக்கினாலும் 17 கிராம்தான். கலோரியில் 45 சதவீதத்துக்கு மேல் தானியத்திலிருந்து வரக்கூடாது என்கிறது பரிந்துரை. இந்தியத் தட்டில் இன்று 50 முதல் 70 சதவீதம் தானியம். மலிவாகக் கிடைப்பதுதான் தட்டை நிரப்பும். அதனால் பரிந்துரை எழுதும் குழுவில் ஊட்டச்சத்து நிபுணருக்குப் பக்கத்தில் உணவுக் கொள்முதல் அதிகாரியும் உட்கார வேண்டும் என்பது என் கட்சி.

பள்ளிச் சத்துணவைப் பாருங்கள். பள்ளி நாள்தோறும் ஒரு முட்டை, அதில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். பிள்ளை எந்த அட்டவணையும் படிக்கவில்லை; முட்டை தட்டுக்கு வருகிறது, சாப்பிடுகிறது. மே மாத விடுமுறையில் அதே பிள்ளைக்கு அந்த முட்டை இல்லை.