வியாழக்கிழமை ஐயா

வணக்கம் நேயர்களே.

2018ஆம் ஆண்டு திருகோணமலைத் துறைமுகத்தின் அடியில் கிடந்த 'சகாய்ங்' என்ற பழைய கப்பலைக் கடற்படையினர் மேலே தூக்கினார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்களின் குண்டு பட்டு எரிந்த கப்பல் அது. பத்திரிகையில் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு மனிதரின் சப்பாத்துத்தான் ஞாபகம் வந்தது. இந்த உரைக்கு என்னைக் கூப்பிட்டபோது, பேசினால் அவரைப் பற்றியே பேசுவது என்று முடிவெடுத்துவிட்டேன்.

எழுபதுகளில் திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் என் அப்பா தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு எதிரே இருந்த மரத்தடியில் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்குவார். முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை. முகம் பார்க்கலாம் போல மினுக்கிய கறுப்புச் சப்பாத்து. வழியில் தூசி பட்டிருந்தால், ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் பின்பக்கத்தில் நுனியைத் தேய்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. சைக்கிள் மணியை மூன்று தரம் அடிப்பார். வேதாகமத்தைத் திறப்பார். ஊரில் அவருக்குப் பெயர் ஆமிக்கார ஐயா.

உண்மையைச் சொல்ல வேண்டும், அவர் நல்ல பேச்சாளர் இல்லை. ஏற்ற இறக்கமே இருக்காது, கட்டளை வாசிக்கிற மாதிரி வாசிப்பார். மூதூருக்கும் நிலாவெளிக்கும் போகிறவர்கள் பஸ்ஸைப் பார்ப்பார்களா, இவரைப் பார்ப்பார்களா? நின்று கேட்டது பெரும்பாலும் மான்கள்தான். எங்கள் ஊர் மான்கள் மனிதருக்குப் பயப்படாதவை, பழத்தோலுக்காகக் கடை வாசல் வரை வரும். ஒருநாள் அவர் நீட்டிய துண்டுப்பிரசுரத்தை ஒரு மான் வாங்கி மென்றுவிட்டது. சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "சரி, ஒருத்தராவது முழுக்க உள்ளுக்கு எடுத்திருக்கினம்" என்றுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனார்.

அப்பா சைவர். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகாமல் கடை திறக்க மாட்டார். ஆனால் பிரசங்கம் முடிந்ததும் ஐயாவுக்கு ஒரு வெறுந்தேத்தண்ணி தயாராக இருக்கும். ஒருமுறை கடையில் இருந்த ஒருவர், "இது வெள்ளைக்காரன்ரை புத்தகம்தானே" என்று சண்டைக்கு வந்தார். ஐயா ஆறுதலாக, "பேர்சிவல் பாதிரியாரோடை இருந்து இதைத் தமிழாக்கினது உங்கட ஆறுமுக நாவலர், தம்பி" என்றார். நாவலர் உதவியது 1850இல் வந்த மொழிபெயர்ப்புக்கு. ஐயா கையில் இருந்தது அதற்குப் பிந்தியது. அந்த வித்தியாசம் எனக்கே பிறகுதான் தெரியவந்தது. வந்தவரோ அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார்.

எசேக்கியேல் முப்பத்துமூன்றாம் அதிகாரத்தை அவர் திரும்பத் திரும்ப வாசிப்பார். பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாமல் இருந்த காவற்காரனைப் பற்றிய பகுதி. அதுவும் ஞாயிறு இல்லை, எப்போதும் வியாழன். ஏன் வியாழன் என்று அப்பா ஒரு மாரி மழைப் பின்னேரம் கேட்டுவிட்டார். நான் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஐயா துறைமுக வாயில் இருக்கிற ஓஸ்டன்பேர்க் முனையில் கரையோரப் பீரங்கிப் படையில் இருந்தவராம். "ஆறங்குலப் பீரங்கி தம்பி. கடலாலை கப்பல் வரும், அடிக்க வேணும் எண்டு நாள் முழுக்கப் பழக்கினவை. ஹேர்மிஸ் கப்பல் முதல் நாள் இரவு வாயைத் தாண்டி வெளியிலை போனது. விடிய வந்தது பிளேன். தலைக்கு மேலாலை போகுது, எங்கட பீரங்கி நிமிராது. கடலைப் பார்த்துக்கொண்டு நிண்டம். அண்டைக்கு வியாழக்கிழமை." பிரித்தானியரின் விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ் அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் தாழ்ந்தது, முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்துபோனார்கள். ஐயா அந்தக் கணக்கைச் சொல்லவில்லை, அது நான் பிறகு படித்தது. அவர் தேத்தண்ணியை முடித்து, சீனி அடியில் நின்ற கோப்பையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

1949இல் இலங்கை இராணுவம் உருவானபோது அதிலும் சேர்ந்து, பென்சனோடு வந்தவர் அவர். எழுபதுகளில் அது ஒரு மரியாதை. சின்னப் பொடியன்கள் சல்யூட் அடிப்பார்கள், அவரும் திருப்பி அடிப்பார். 83 கலவரத்துக்குப் பிறகு 'ஆமிக்கார' என்ற சொல்லை உரத்துச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. அம்மாதான் முதலில் 'வேதக்கார ஐயா' என்றாள். பிறகு கடை, பிறகு தெரு. புதுப் பெயரால் அப்பா முதல்முறை கூப்பிட்டபோது ஐயா ஒரு கணம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கோப்பையை வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் மரத்தடிப் பிரசங்கமும் நின்றது. ஐந்து மணிக்குத் தெருவில் நிற்க ஆள் ஏது?

அவர் இறந்தது எண்பதுகளின் நடுப்பகுதியில். அப்பாவோடு நானும் போனேன். பிள்ளைகள் அலுமாரியிலிருந்து இரண்டு மெடல்களை எடுத்து மேசையில் வைத்திருந்தார்கள். பெட்டியில் வைப்பதா, வேண்டாமா என்று மெல்லிய குரலில் பேச்சு நடந்தது. வழியில் யார் யார் பார்ப்பார்களோ என்று ஒருவர் சொன்னார். கடைசியில் மெடல்களைத் திரும்பவும் துணியில் சுற்றி உள்ளே வைத்தார்கள். மூத்த மகன் வாசற்படியில் இருந்து, அப்பாவின் சப்பாத்தை மடியில் வைத்துப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

நன்றி, வணக்கம்.