கேட்காமல் விற்காதே

நேயர்களுக்கு வணக்கம். தை அறுவடை முடிந்தால் போதும், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் ராத்திரியில் கபடி களைகட்டிவிடும். வெளியூர் ரைடர் ஒருவரைக் காசு பேசிக் கூட்டிவருவார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுதான். அதே பையன் பெரிய லீக் பக்கம் போகும்போது, கையில் பத்துப் பதினைந்து பக்க ஒப்பந்தத்தைக் கொடுக்கிறார்கள். வக்கீல் என்பதால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். முதலில் தொகை எழுதிய பக்கத்தைத்தான் புரட்டுவார்கள். "நடுவுல என்னை வேற டீமுக்குத் தள்ளிவிட்டா என்ன சார் பண்றது?" என்று கேட்பவர் அபூர்வம்.

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒருவர் நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனார். கர்ட் ஃப்ளட் என்ற பேஸ்பால் வீரர். செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு சீசன் ஆடியவரை, 1969 அக்டோபரில், ஒரு வார்த்தை கேட்காமல் ஃபிலடெல்ஃபியா அணிக்கு மாற்றிவிட்டார்கள். விற்கவும் வாங்கவும் நான் ஒரு சொத்து இல்லை என்று லீக் தலைவருக்குக் கடிதம் எழுதினார். 1970 சீசன் முழுக்க ஆடவே இல்லை. 1972ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

நம் தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய வழக்காகத் தோன்றாது. குத்தகைதாரரையும் பண்ணையாளையும் நினைத்த நேரத்தில் வெளியேற்றக் கூடாது என்று இந்த மாவட்டத்துக்கென்றே 1952ல் சட்டம் போட வேண்டியிருந்தது. ஃப்ளட் சம்பாதித்தது பெரிய தொகை, பண்ணையாளோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் போ என்றால் போக வேண்டிய நிலைமை இருவருக்கும் இருந்தது.

ஃப்ளட் தோற்ற மறு வருஷமே வீரர் சங்கம் பேரம் பேசி ஒரு விதியை வாங்கியது. பத்து வருஷம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே அணியில் இருந்தால், அவர் சம்மதிக்காமல் மாற்ற முடியாது. முதலில் அதைப் பயன்படுத்தியவர் சிகாகோவின் ரான் சான்டோ. கலிஃபோர்னியா அணிக்குப் போகமாட்டேன் என்று மறுத்தார். அப்புறம் சிகாகோவிலேயே இருந்த இன்னொரு அணிக்குப் போனார்.

சரி, நம் ஊர் ஐபிஎல்லில்? டிரேடுக்கு, அதாவது அணிகளுக்கிடையே நடக்கும் மாற்றத்துக்கு, வீரரின் சம்மதம் வேண்டும். ஜடேஜாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசினார் என்று 2010ல் ஒரு சீசன் தடை. 2025 நவம்பரில் அதே ராஜஸ்தானுக்குச் சென்னை அவரை அனுப்பியபோது, அவர் சம்மதம் இல்லாமல் நடந்திருக்காது. ஆனால் ஏலத்தில் அந்தச் சம்மதம் கிடையாது. எந்த அணி எடுத்தாலும் போயாக வேண்டும். எடுத்த பிறகு விலகிய இங்கிலாந்து வீரர் ஹாரி புரூக்குக்கு இரண்டு வருஷத் தடை. டிரேடில் கேட்கும் கேள்வியை ஏலத்தில் கேட்காதது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதைப் பேரம் பேச அமெரிக்காவில் வீரர் சங்கம் இருந்தது. இந்தியக் கிரிக்கெட் வீரர் சங்கமோ ஓய்வு பெற்றவர்களுக்கானது.

நம் பையன்களை அதிகம் மாட்டிவைப்பது அணி இல்லை, ஏஜென்ட் ஒப்பந்தம். காலம் முடிந்த பிறகும் வேறு ஏஜென்டிடம் போகுமுன் எங்களிடம்தான் முதலில் வர வேண்டும் என்று ஒரு வரி நுழைந்திருக்கும். ஜாகீர் கான் வழக்கில், 2006ல், ஒப்பந்தம் முடிந்த பின் அப்படிக் கட்டிவைப்பது 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27வது பிரிவுப்படி செல்லாது என்று நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே அந்த வரியைக் கண்டால் அடித்துத் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் அன்றைக்கே ஒரு நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.